எடை எவ்வளவு? உயரம் எவ்வளவு?

வாளையார் ஓர் எல்லை ஊர். இந்தப் பக்கம் கேரளம். அந்தப் பக்கம் தமிழ்நாடு. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் பெரிய சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இரவும் பகலும் லாரிகள் ஓடும். முன்பு இங்கே விற்பனை வரிச் சாவடி இருந்தது. லாரிகள் நீண்ட வரிசையில் காத்து நிற்கும். 2017இல் ஜி.எஸ்.டி. வரி வந்த பிறகு அந்தச் சாவடி எடுக்கப்பட்டது. லாரிகள் மட்டும் குறையவில்லை.

லாரி ஓட்டுபவர்களுக்கு எடைமேடை நன்றாகத் தெரியும். ஆறு சக்கர லாரி ஒன்று எடைமேடையில் ஏறுகிறது. சரக்கோடு சேர்த்து 20 டன் காட்டுகிறது. அது அதிக பாரம். அபராதம் கட்ட வேண்டும். அடுத்து பத்து சக்கர லாரி ஏறுகிறது. அதுவும் 20 டன்தான். ஆனால் அதற்கு அபராதம் இல்லை.

ஏன் அப்படி? வண்டி சிறியதா, பெரியதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாரம் அதிகமா, குறைவா என்று சொல்ல முடியும்.

மனித உடம்புக்கும் இதே கணக்குதான்.

ஒரே எடை, இரண்டு உடம்பு

இரண்டு பேரை நினைத்துக் கொள்வோம். இருவரும் எடைக்கருவியில் ஏறி நிற்கிறார்கள். இருவருக்கும் 56 கிலோ காட்டுகிறது. ஒருவர் உயரம் 150 சென்டிமீட்டர். மற்றவர் உயரம் 175 சென்டிமீட்டர்.

குள்ளமானவருக்கு 56 கிலோ சற்று அதிகம். உயரமானவருக்கு அதே 56 கிலோ போதாது. எடை ஒன்றுதான். ஒருவர் குறைக்க வேண்டும். மற்றவர் கூட்ட வேண்டும்.

எனவே எடையை மட்டும் தெரிந்து கொண்டால் போதாது. உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் எண் உண்டு. அதன் பெயர் உடல் நிறை குறியீட்டெண். ஆஸ்பத்திரியில் இதைச் சுருக்கமாகப் பி.எம்.ஐ. என்பார்கள். உங்கள் மருத்துவச் சீட்டிலும் இந்த எண் எழுதியிருக்கலாம்.

கணக்குப் போடுவது எப்படி?

இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று எடை, கிலோவில். மற்றொன்று உயரம், மீட்டரில்.

100 சென்டிமீட்டர் என்பது 1 மீட்டர். ஆகவே 150 சென்டிமீட்டர் என்பது 1.50 மீட்டர். 5 அடி உயரம் என்றால் சுமார் 152 சென்டிமீட்டர். அதாவது 1.52 மீட்டர்.

இப்போது எடையை உயரத்தால் வகுக்க வேண்டும். வரும் விடையை மறுபடியும் அதே உயரத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக் கொள்வோம். எடை 38 கிலோ. உயரம் 1.50 மீட்டர்.

38 ஐ 1.50 ஆல் வகுத்தால் 25.3 வரும்.
25.3 ஐ மீண்டும் 1.50 ஆல் வகுத்தால் 16.9 வரும்.

அவருடைய குறியீட்டெண் 16.9.

இப்போது ஒரு லாரி ஓட்டுநர். எடை 72 கிலோ. உயரம் 1.60 மீட்டர்.

72 ஐ 1.60 ஆல் வகுத்தால் 45 வரும்.
45 ஐ மீண்டும் 1.60 ஆல் வகுத்தால் 28.1 வரும்.

அவருடைய குறியீட்டெண் 28.1.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன? கீழே பாருங்கள். இவை இந்தியாவில் பெரியவர்களுக்கான அளவுகள்.

18.5க்குக் கீழே: எடை குறைவு.
18.5 முதல் 22.9 வரை: சரியான எடை.
23 முதல் 24.9 வரை: எடை சற்று அதிகம்.
25ம் அதற்கு மேலும்: உடல் பருமன்.

சூளையில் வேலை செய்யும் பெண்ணுக்கு எடை குறைவு. லாரி ஓட்டுநருக்கு உடல் பருமன். இருவருமே கவனிக்க வேண்டியவர்கள்.

வகுத்தல் கணக்கு கடினமா? இந்தப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் உயரத்துக்கு ஏற்ற எடை இதில் இருக்கிறது.

உயரம் 145 செ.மீ. என்றால் 39 முதல் 48 கிலோ.
உயரம் 150 செ.மீ. என்றால் 42 முதல் 51 கிலோ.
உயரம் 155 செ.மீ. என்றால் 45 முதல் 55 கிலோ.
உயரம் 160 செ.மீ. என்றால் 48 முதல் 58 கிலோ.
உயரம் 165 செ.மீ. என்றால் 51 முதல் 62 கிலோ.
உயரம் 170 செ.மீ. என்றால் 54 முதல் 66 கிலோ.
உயரம் 175 செ.மீ. என்றால் 57 முதல் 70 கிலோ.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

இதைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்ல. பெல்ஜியம் என்ற நாட்டைச் சேர்ந்த கணித அறிஞர். பெயர் அடோல்ஃப் கெட்லே. 1830களில் அவர் ஏராளமான மனிதர்களின் உயரத்தையும் எடையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். உயரம் கூடும்போது எடை எப்படிக் கூடுகிறது என்று கணக்கிட்டார். அந்தக் கணக்குதான் இது. 1972இல் அமெரிக்க அறிவியலாளர் ஆன்சல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். பிறகு உலகம் முழுவதும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஊசி வேண்டாம். ரத்தம் எடுக்க வேண்டாம். ஓர் எடைக்கருவியும் ஓர் அளவு நாடாவும் போதும். அதனால்தான் இது ஏழை நாடுகளிலும் பரவியது.

எடை குறைந்தால் என்ன ஆகும்?

"நான் பிறந்ததிலிருந்தே ஒல்லி. எங்கள் குடும்பமே ஒல்லி" என்று பலர் சொல்வதுண்டு. ஒல்லியாக இருப்பது சிலருக்கு இயல்பாக இருக்கலாம். ஆனால் குறியீட்டெண் 18.5க்குக் கீழே போனால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. உடம்புக்குப் போதிய சாப்பாடு சேரவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

பாலக்காடு மாவட்டத்திலேயே இதற்குத் துயரமான சான்று உண்டு. மாவட்டத்தின் வடக்கே மலைப்பக்கம் அட்டப்பாடி இருக்கிறது. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். 2013ஆம் ஆண்டு அங்கே கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. நாடே திடுக்கிட்டது. அதிகாரிகளும் மருத்துவர்களும் ஓடி வந்தார்கள். பல குழந்தைகள் எடை குறைந்து பிறந்திருந்தன. தாய்மார்களிடம் சத்துக் குறைவும் ரத்தசோகையும் இருந்தன.

அந்த மக்கள் முன்பு ராகி, சாமை, தினை, துவரை எல்லாம் தங்கள் நிலத்திலேயே விளைவித்தார்கள். காட்டுக் கீரை பறித்தார்கள். பிறகு நிலம் பலருடைய கையை விட்டுப் போனது. விவசாயம் குறைந்தது. ரேஷன் அரிசிதான் முக்கிய உணவானது. சோறு வயிற்றை நிரப்பியது. ஆனால் உடம்புக்கு வேண்டிய எல்லாச் சத்தும் சோற்றில் மட்டும் கிடைக்காது.

அந்த ஆண்டு குடும்பஸ்ரீ பெண்கள் ஊர்தோறும் சமூக சமையலறைகளைத் தொடங்கினார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே சாப்பாடு கிடைத்தது. 2017இல் மீண்டும் சிறுதானியம் விளைவிக்க ஒரு திட்டமும் வந்தது.

குழந்தையின் எடை தாயின் எடையைப் பொறுத்தது. கர்ப்பம் ஆவதற்கு முன்பே தாய் மிகவும் மெலிந்திருந்தால் குழந்தையும் எடை குறைந்து பிறக்கக் கூடும். பிறக்கும் போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் அது எடை குறைந்த குழந்தை. ஆகவே ஒரு பெண்ணின் தட்டில் சோறும் பருப்பும் குறைந்தால் அவர் ஒருவருக்கு மட்டும் நஷ்டம் இல்லை.

நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? யோசித்துப் பாருங்கள். முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் அம்மா. பருப்பு தீர்ந்திருக்கும். முட்டை தீர்ந்திருக்கும். சட்டியில் ரசமும் ஊறுகாயும் மிஞ்சும். நாள் முழுவதும் செங்கல் சுமந்த உடம்புக்கு அது போதுமா? இது அந்தப் பெண்ணின் தலைவிதி அல்ல. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் பாதி மாறிவிடும்.

மெலிந்த உடம்பில் காசநோய் எளிதில் பற்றும். இதை நிரூபித்த ஆராய்ச்சி நம் நாட்டிலேயே நடந்தது. இடம் ஜார்கண்ட் மாநிலம். முடிவு 2023இல் வெளியானது. காசநோயாளிகளின் வீட்டில் உள்ளவர்களுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அதோடு சத்து மாத்திரை. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் மருந்து போல வேலை செய்தன.

காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மத்திய அரசு சத்துணவுக்காகப் பணம் தருகிறது. 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். இது நோயாளியின் உரிமை. கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா? உடனே சளியைப் பரிசோதிக்க வேண்டும். அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்து எடை குறைந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம். ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

எடை கூடினால் என்ன ஆகும்?

"கொஞ்சம் தொப்பை இருந்தால்தான் மனுஷனுக்கு மதிப்பு" என்று ஒரு பேச்சு உண்டு. பஞ்ச காலத்தில் அப்படித் தோன்றியிருக்கலாம். இன்று தொப்பை ஓர் எச்சரிக்கை.

கூடுதல் எடை சர்க்கரை நோயைக் கொண்டு வரும். ரத்த அழுத்தத்தைக் கூட்டும். இருதயத்துக்குக் கேடு செய்யும். முழங்கால் மூட்டும் வலிக்கும். கேரளத்தில் பெரியவர்கள் நான்கு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2023இல் இதைச் சொன்னது.

லாரி ஓட்டும் வேலை உட்கார்ந்தே செய்யும் வேலை. பசித்த நேரத்தில் சாப்பாடு கிடைக்காது. நடு இரவில் சாலையோரக் கடையில் பரோட்டா கிடைக்கும். தூக்கம் வராமல் இருக்க டீ குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் பத்துக் கரண்டி. சுமார் 50 கிராம். ஒரு மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை. இது டீயில் மட்டும்.

ஒரே ஊரில் இரண்டும் உண்டு

மெலிந்த உடம்பு ஏழை ஊரில்தான், பருத்த உடம்பு பணக்கார ஊரில்தான் என்று நினைக்க வேண்டாம். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களை அளந்தார்கள்.

கேரளத்தில் 100 பெண்களில் 10 பேருக்கு எடை குறைவு. 38 பேருக்குக் குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல்.
தமிழ்நாட்டில் 100 பெண்களில் 13 பேருக்கு எடை குறைவு. 40 பேருக்கு 25 அல்லது அதற்கு மேல்.

எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே கதைதான். ஒரு தெருவிலேயே இருவரும் இருக்கலாம். ஒரு வீட்டிலேயே கூட இருக்கலாம்.

எண் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?

சொல்லாது. இதற்கு ஓர் உண்மைச் செய்தி உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின். இருவரும் நண்பர்கள். இருவருடைய குறியீட்டெண்ணும் ஒன்றே. 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது வியப்பு காத்திருந்தது. லண்டன்காரர் உடம்பில் 9.1 சதவீதம் கொழுப்பு. புனேக்காரர் உடம்பில் 21.2 சதவீதம். 2004இல் இருவரும் தங்கள் படத்தோடு இதை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இந்தியர் பலர் வெளியே ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகம் இருக்கலாம். சர்க்கரை நோயும் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் இந்திய மருத்துவர்கள் கூடி நமக்குத் தனி அளவு வகுத்தார்கள். அது 2009இல் வெளியானது. மேல்நாட்டில் 25க்கு மேல்தான் அதிக எடை. நமக்கு 23லேயே எச்சரிக்கை.

மாறாக, மூட்டை தூக்கும் தொழிலாளிக்குக் கையும் தோளும் திரண்டிருக்கும். தசை எடை அதிகம். அவர் எண் 25ஐத் தாண்டினாலும் அது கொழுப்பாக இல்லாமல் இருக்கலாம்.

அதனால் இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அளவு நாடா இல்லையா? ஒரு நூல் போதும். தலை முதல் கால் வரை உங்கள் உயரத்துக்கு நூலை வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த நூலைத் தொப்புளை ஒட்டி இடுப்பில் சுற்றுங்கள். இரு முனையும் சேர்ந்தால் நல்லது. சேராவிட்டால் வயிற்றில் கொழுப்பு அதிகம்.

இந்த எண் எல்லோருக்கும் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு எடை கூடத்தான் வேண்டும். குழந்தைகளுக்கு வயதுக்கு ஏற்ற தனி அட்டை உண்டு. அங்கன்வாடியில் அந்த அட்டையில்தான் குறிப்பார்கள். வயது முதிர்ந்தவர்களுக்கு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எண் என்பது வழிகாட்டிப் பலகை. பலகையைப் பார்த்த பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

என்ன செய்யலாம்?

எடை குறைந்தவர்கள் சோற்றின் அளவை மட்டும் கூட்டினால் போதாது. அதோடு பருப்பு, பயறு, கடலை, முட்டை, மத்தி மீன் இவற்றில் கிடைப்பதைச் சேர்க்க வேண்டும். வாரத்தில் சில நாள் ராகிக் கூழ் குடிக்கலாம். வேலியில் நிற்கும் முருங்கைக் கீரை காசில்லாத சத்து. ரத்தசோகை உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். மேலே சொன்ன 150 சென்டிமீட்டர் பெண் 42 கிலோவுக்கு வர வேண்டும். அதாவது 4 கிலோ கூட வேண்டும். ஒரே மாதத்தில் வராது. மாதம் அரைக் கிலோ கூடினாலும் நல்ல வழியில் போகிறார் என்று பொருள்.

எடை கூடியவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம், பரோட்டா, சாராயம் இவற்றைக் குறைக்க வேண்டும். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காய்கறியைக் கூட்ட வேண்டும். வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். மேலே சொன்ன லாரி ஓட்டுநர் முதலில் 4 கிலோ குறைத்தால் போதும். அந்த அளவுக்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். எடை குறைக்கும் மாத்திரை, பொடி என்று விளம்பரம் வரும். மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

கேரளத்தில் குடும்ப ஆரோக்கிய மையம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம். இரண்டிலும் எடையும் உயரமும் பார்ப்பார்கள். 30 வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக் கொள்ளலாம். ஆஷா பணியாளர் உங்கள் வீட்டுக்கு வரும்போது கேளுங்கள். சீட்டில் என்ன எழுதினார்கள் என்று படியுங்கள். "என் எண் எவ்வளவு? இது சரியா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நினைவில் வையுங்கள்

எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.
18.5 முதல் 22.9 வரை நமக்குச் சரியான அளவு.
மெலிவும் நோய் தரும். பருமனும் நோய் தரும்.
இடுப்புச் சுற்றளவும் முக்கியம்.
வீட்டில் பெண்களும் நேரத்துக்கு, போதிய அளவு சாப்பிட வேண்டும்.

செய்து பாருங்கள்

1. சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு, வீட்டில் உள்ள பெரியவர்களின் உயரத்தை அளந்து எழுதுங்கள்.
2. அவர்கள் எடையைச் சுகாதார நிலையத்தில் பார்த்து எழுதுங்கள்.
3. ஒருவர் உயரம் 1.60 மீட்டர். எடை 46 கிலோ. அவருக்கு எடை சரியா? பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்.
4. உங்கள் வீட்டில் நேற்று இரவு கடைசியாகச் சாப்பிட்டவர் யார்? அவர் தட்டில் என்ன இருந்தது? எழுதிப் பாருங்கள்.